பழ ஈயின் சிறகும் கலங்களின் திசையும்

காற்று வீசும் வேளையில் விளைந்த வயலைப் பார்ப்போர், நெற்கதிர்கள் யாவும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்பதைக் காண்பர். அவ்வொழுங்கிற்குக் காரணம் கதிர்களுள் இல்லை. அவற்றைச் சாய்க்கும் காற்றிலேயே உளது. உயிர்களின் உடலிலும் இத்தகைய ஒழுங்கு காணப்படுகின்றது. பூனையின் மயிர் தலையிலிருந்து வாலை நோக்கிப் படிந்துள்ளது. மீனின் செதில்கள் பின்னோக்கி அடுக்கப்பட்டுள்ளன. கனிந்த வாழைக்குலையைச் சுற்றிப் பறக்கும் சின்னஞ்சிறு பழ ஈயின் சிறகிலே ஏறத்தாழ 30,000 கலங்கள் உள. அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நுண்மயிரைத் தோற்றுவிக்கின்றது. அம்மயிர்கள் அனைத்தும் சிறகின் நுனியையே நோக்குகின்றன. இவற்றையெல்லாம் ஒரே திசைக்குத் திருப்பும் காற்று யாது? இவ்வினாவுக்கு விடைதேடி விஞ்ஞானிகள் நடந்த வழியே இக்கட்டுரையின் பொருளாகும். அவ்வழியின் ஒரு முக்கிய படி பாரத நாட்டின் தலைநகரிலே அமைந்தது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தியாகும்.

பழ ஈயை ஆய்வுக்கூடத்தில் புகழ்பெறச் செய்தவர் தோமஸ் ஹன்ற் மோர்கன் ஆவார். நியூயோர்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவர் போத்தல்களில் வளர்த்த ஈக்களுள், 1910 ஆம் ஆண்டிலே வெண்ணிறக் கண்ணுடைய ஆண் ஈயொன்று காணப்பட்டது. பழ ஈயின் கண் இயல்பாகச் சிவப்பு நிறமானது. அவ்வொரு ஈயின் வழித்தோன்றல்களை ஆராய்ந்த மோர்கன், பரம்பரையலகுகள் நிறமூர்த்தங்களிலே தங்கியுள்ளன என்பதை நிலைநாட்டினார். அவருடைய மாணவர் ஸ்ரேட்டவன்ற் 1913 இல் பரம்பரையலகுகளின் முதற் படத்தை வரைந்தார். மற்றொரு மாணவரான முல்லர், எக்ஸ் கதிர்களாற் பரம்பரையலகுகளிலே விகாரங்களை உண்டாக்கலாம் என்பதை 1927 இல் வெளிப்படுத்தினார். மோர்கன் 1933 இலும் முல்லர் 1946 இலும் நோபெல் பரிசு பெற்றனர்.

இத்துணைப் பெரும் பணிக்கு இச்சிறு ஈ பொருந்தியமைக்குக் காரணங்கள் எளியவை. முட்டையிலிருந்து குடம்பியாகவும், குடம்பியிலிருந்து கூட்டுப்புழுவாகவும், பின்னர் ஈயாகவும் மாறுவதற்கு அதற்குப் பத்து நாட்களே வேண்டும். அதன் நிறமூர்த்தங்கள் நான்கு சோடி மாத்திரமே. அதற்கு வேண்டிய உணவும் மலிவானது. கொள்ளுப்பிட்டிச் சந்தையிலே விலைபோகாது கிடக்கும் வாழைப்பழமும் ஒரு வெறும் போத்தலும் இருந்தாற் பாடசாலை மாணவனும் அதனை வளர்த்தல் கூடும்.

இந்தியாவிலும் இக்கல்வி காலந்தாழ்த்தி வந்ததன்று. எடின்பரோவில் முல்லரின் கீழ்ப் பழ ஈக்களை ஆராய்ந்த எஸ். பி. ராய்சௌதுரி, சிறிது சிறிதாக நெடுநேரம் பாயும் கதிர்வீச்சும், அதன் மொத்த அளவுக்கு ஏற்ப விகாரங்களைத் தோற்றுவிக்கும் எனக் காட்டினார். தாயகம் திரும்பிய அவர் கல்கத்தாவிலும் பின்னர் காசியிலும் பிறப்புரிமையியலை வளர்த்தார்.

இனிக் கலங்களின் திசையைப் பற்றிய வினாவுக்கு வருவோம். முதலில் இதற்கு விடைதேடியோர் பரம்பரையலகுகளைக் கருவியாகக் கொண்டாரல்லர். தோட்டக்காரர் செடிகளை ஒட்டுவதுபோல அவர்கள் பூச்சிகளின் தோலை வெட்டி ஒட்டினர். 1959 இல் மைக்கல் லொக் என்பார், குருதியுறிஞ்சும் மூட்டுப்பூச்சியினம் ஒன்றின் தோலிலிருந்து ஒரு சதுரத்தை வெட்டியெடுத்து, அதனைத் திருப்பி அதே இடத்தில் ஒட்டினார். பூச்சி மீண்டும் தோலுரித்தபோது, அச்சதுரத்தைச் சுற்றியிருந்த வரிகள் நீர்ச்சுழிபோல வளைந்து காணப்பட்டன. 1966 இல் பீற்றர் லோறன்ஸ் வேறொரு பூச்சியில் மயிர்களின் சாய்வை ஆராய்ந்து, இதனையொத்த முடிவுக்கு வந்தார். உடலின் ஒவ்வொரு துண்டத்திலும் ஏதோ ஒரு பொருள் ஓரத்தில் மிகுந்தும் மறு ஓரத்திற் குறைந்தும் படித்திறனாக அமைந்துள்ளது. அதன் சரிவை உணர்ந்தே கலங்கள் தம் மயிரைத் திருப்புகின்றன என்பது அவர்கள் கொண்ட கருத்தாகும். வயலின் காற்றுப்போல, திசை கலத்துக்கு வெளியேயிருந்து வருகின்றது என்பதே இதன் சாரமாம். எனினும் அப்பொருள் யாது, அதனைக் கலம் எவ்வாறு உணர்கின்றது என்பன கத்தியாலும் ஒட்டுவேலையாலும் அறியக்கூடியனவல்ல. அதற்குப் பரம்பரையலகுகள் தேவைப்பட்டன.

மயிரின் சாய்வு குலைந்த ஈக்கள் மோர்கனின் குழுவினருக்கு முன்னரே தெரிந்தவையாம். பிரிட்ஜஸ், பிறேம் ஆகிய இருவரும் தொகுத்து 1944 இல் வெளிவந்த விகாரங்களின் பட்டியலிலே, ‘பிரிசில்டு’ என்னும் பெயருடைய விகாரம் இடம்பெற்றுள்ளது. சுருண்டு கலைந்த மயிர் என்பது அப்பெயரின் பொருள். அத்தகைய ஈயின் சிறகில் மயிர்கள் இல்லாமற் போவதில்லை. அவற்றின் எண்ணிக்கையும் பெரிதும் மாறுவதில்லை. அவை நுனியை நோக்குவதை விடுத்துச் சுழிகளாகவும் அலைகளாகவும் திரும்பி நிற்கின்றன. இவ்விகாரம் பல ஆண்டுகளாகப் பட்டியலில் ஒரு வரியாகவே கிடந்தது. 1982 இல் டேவிட் கப், அன்ரோனியோ கார்சியா பெல்லிடோ ஆகியோர் இதனையும் இதுபோன்ற பிற விகாரங்களையும் ஒருங்கே எடுத்து முறையாக ஆராய்ந்தனர். மயிரை ஆக்கும் தொழிலும் மயிரைத் திருப்பும் தொழிலும் வெவ்வேறு என்பதும், திருப்பும் தொழிலுக்கெனத் தனியாகச் சில பரம்பரையலகுகள் உள என்பதும் அவ்வாய்வால் தெளிவாயின.

இதன்பின் அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் வின்சன், அட்லர் ஆகியோர் செய்த சோதனை குறிப்பிடத்தக்கது. அவர்கள் இயல்பான சிறகொன்றின் நடுவே, பிரிசில்டு என்னும் பரம்பரையலகை இழந்த கலங்களாலான சிறு திட்டொன்றை உண்டாக்கினர். அத்திட்டின் மயிர்கள் திசைமாறியதில் வியப்பில்லை. வியப்புக்குரியது யாதெனில், திட்டுக்கு அப்பால், சிறகின் நுனிப்பக்கத்தில் இருந்த குறையற்ற கலங்களும் திசைமாறித் திட்டை நோக்கித் தம் மயிர்களைத் திருப்பின. அடிப்பக்கத்து அயற்கலங்கள் அவ்வாறு மாறவில்லை. 1987 இல் வெளியான இம்முடிவு, ஒரு கலத்தின் திசை அதனுள்ளே மாத்திரம் தீர்மானிக்கப்படுவதன்று, அயற்கலம் தரும் செய்தியையும் பொறுத்தது என்பதைக் காட்டிற்று. 1989 இல் அப்பரம்பரையலகு ஆக்கும் புரதத்தின் அமைப்பும் தெரியவந்தது. அது கலத்தின் மென்சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்பது. மென்சவ்வுக்கு வெளியே வரும் செய்தியை ஏற்று உள்ளே அறிவிக்கும் வாங்கிகள் பலவற்றின் வடிவம் இதுவே. ஆயின், இவ்வாங்கி ஏற்கும் செய்தி யாது? அதற்கான விடை, இவ்வாய்வோடு தொடர்பில்லாத வேறொரு வரலாற்றிலிருந்து வந்தது. அவ்வரலாறு புதுதில்லியில் தொடங்குகின்றது.

இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையம் 1905 இல் பீகாரிலுள்ள பூசா என்னும் ஊரில் நிறுவப்பட்டது. 1934 இல் நேர்ந்த பெரும் பூகம்பத்தால் அங்கிருந்த கட்டடம் சிதைந்தமையால், 1936 இல் அது தில்லிக்கு மாற்றப்பட்டது. நாட்டின் உணவுப் பஞ்சத்தைப் போக்கும் பயிரினங்களை உருவாக்குவதே அதன் தலையாய கடமை. கும்பகோணத்திற் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் அங்குப் பணியாற்றிய காலத்தில், கதிர்களாலும் இரசாயனப் பொருள்களாலும் பயிர்களில் விகாரங்களை ஆக்கும் ஆய்வு சிறப்புற்றது. மெக்சிக்கோவிலிருந்து வந்த செந்நிறக் கோதுமையை இந்திய மக்கள் விரும்பும் பொன்னிறத் தானியமாக மாற்றியதும் இவ்வழியிலேயாம். விகாரங்களைப் பற்றி ஆராயும் எந்நிலையத்துக்கும் பழ ஈ உற்ற துணையாகும். ஒரு பயிரிற் பல பருவங்கள் காத்திருந்து காணவேண்டியதை ஈயில் ஒரு மாதத்திற்குள் கண்டுவிடலாம்.

அந்நிலையத்தைச் சேர்ந்த ஆர். பி. சர்மா என்பார், சிறகில்லாத ஈக்களைத் தோற்றுவிக்கும் விகாரமொன்றைக் கண்டு, 1973 இல் அறிவித்தார். அவ்வறிவிப்பு வெளிவந்தது பெரும் புகழுடைய சஞ்சிகையொன்றில் அன்று. பழ ஈ ஆய்வாளர்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் பொருட்டு 1934 முதல் வெளியிட்டுவந்த செய்தியேட்டின் 50 ஆம் தொகுதியில், அது ஒரு சிறு குறிப்பாக இடம்பெற்றது. விகாரத்தின் பெயர் ‘விங்லெஸ்’. தமிழிற் ‘சிறகிலி’ எனலாம். 1976 இல் சர்மாவும் வி. எல். சோப்ராவும் இதனை விரிவாக ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். இச்சோப்ராவே பின்னாளில் இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பணிப்பாளராக விளங்கியவர்.

அவர்கள் கண்டது யாது? இவ்விகாரமுடைய ஈக்களுள் சிலவற்றுக்கு ஒரு சிறகு இல்லை. சிலவற்றுக்கு இரண்டும் இல்லை. வேறு சில இயல்பான சிறகுகளோடேயே பிறந்தன. சிறகுகளுக்குப் பின்னே பறத்தலின்போது சமநிலை காக்கும் சிறு குமிழ்த்தண்டுகளும் இவ்வாறே மறைந்தன. சிறகு இல்லாத இடம் வெறுமையாகவும் இருக்கவில்லை. நெஞ்சறையின் முதுகுப்புறத்தோல் அங்கே இரட்டித்து, கண்ணாடியிற் காணும் உருப்போல இடம்வலம் மாறி அமைந்திருந்தது. எனவே இஃது ஓர் உறுப்பு வளராது குன்றியதால் வந்த குறை அன்று. இன்ன இடத்தில் இன்னது ஆகவேண்டும் என்று கலங்களுக்குக் கூறும் கட்டளையே மாறியதால் வந்த குறையாகும். இவ்வேறுபாட்டைப் பிரித்தறிந்து எழுதியமையே அவ்விருவரின் பணிக்குச் சிறப்பாம்.

அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1977 இல், மொறாற்றா, லோறன்ஸ் ஆகிய இருவரும் இதனைத் தொடர்ந்தனர். சிறகிலி விகாரமுடைய கலங்களை இயல்பான கலங்களின் நடுவே வளர விட்டபோது, அவை குறையின்றிச் சிறகாகவே வளர்ந்தன. தாம் ஆக்க இயலாத ஒன்றை அவை அயற்கலங்களிடமிருந்து பெற்றுக்கொண்டன என்பதே இதன் பொருள். ஆகவே இப்பரம்பரையலகு ஆக்கும் பொருள் கலத்தினின்று வெளியே சென்று பிற கலங்களுக்குச் செய்தி கூறுவதாதல் வேண்டும். 1980 இல் ஜேர்மனியின் ஐடல்பேர்க் நகரில் கிறிஸ்ரியானே நியூசிலைன் வொல்காட், எரிக் வீசாஸ் ஆகியோர் ஈயின் முளையத்தைக் குலைக்கும் விகாரங்களைத் தொகுத்து வெளியிட்டபோது, அவற்றுள்ளும் சிறகிலி தோன்றிற்று. அதனை முற்றாக இழந்த முளையம் பிழைப்பதில்லை. அதன் ஒவ்வொரு துண்டத்திலும் முன் பின் என்னும் ஒழுங்கு குலைந்து, வயிற்றுப்புறம் முழுவதும் நுண்முட்களால் நிறைந்துவிடுகின்றது. இவ்விருவரும் எட்வேட் லூயிசுடன் 1995 இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இதே வேளையில், ஈக்களைப் பற்றி எண்ணாத வேறு சிலர் எலிகளின் மார்பகப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தனர். 1982 இல் றூல் நுசி, ஹரோல்ட் வார்மஸ் ஆகியோர், அந்நோயை விளைக்கும் வைரசு எலியின் ஒரு பரம்பரையலகுக்கு அருகே நுழைந்து அதனை அளவிறந்து தொழிற்படச் செய்கின்றது எனக் கண்டனர். அதற்கு ‘இன்ற் 1’ எனப் பெயரிட்டனர். இது ஈயிலும் உண்டோ என்று பின்னர் தேடியபோது, 1987 இல் விடை கிடைத்தது. ஈயின் இன்ற் 1 வேறன்று. புதுதில்லியிற் கண்ட சிறகிலியே அது. எலியிற் புற்றுநோயைத் தூண்டுவதும் ஈயிற் சிறகை அமைப்பதும் ஒரே குலத்துப் பரம்பரையலகுகள் எனத் தெரிந்தது. 1991 இல் விங்லெஸ், இன்ற் என்னும் இரு பெயர்களையும் இணைத்து, ‘விண்ற்’ என்னும் புதுப்பெயரை அக்குலத்துக்கு இட்டனர். மனிதரிடம் அக்குலத்தினர் 19 உளர். ஈயில் 7 உளர்.

1996 இல் இவ்விரு வரலாறுகளும் ஒன்றுகூடின. பூர்ணிமா பானற் முதலியோர், நேதன்ஸ், நுசி ஆகியோரின் ஆய்வுகூடங்களில் நடாத்திய சோதனைகளால், சிறகிலிப் புரதம் சுமந்துசெல்லும் செய்தியை ஏற்கும் வாங்கி பிரிசில்டு குலத்தைச் சேர்ந்தது எனக் காட்டினர். மயிரைத் திருப்பும் பரம்பரையலகைத் தேடியோரும், சிறகு மறைந்த ஈயை ஆராய்ந்தோரும், எலியின் புற்றுநோயை ஆராய்ந்தோரும் வெவ்வேறு வாயில்களால் ஒரே மண்டபத்தை அடைந்தனர் எனலாம்.

இதனைக் கேட்போர், படித்திறனாய் அமைந்து மயிர்களைத் திருப்பும் ‘காற்று’ சிறகிலிப் புரதமே என்று முடிவு கட்டுதல் இயல்பு. அறிஞர் பலரும் அவ்வாறே கருதினர். ஆயினும் இயற்கை அத்துணை எளிதாக விடை பகர்வதில்லை. சிறகின் கலங்களை நுணுகி நோக்கியபோது, திசை பெறும் முறை ஒருவாறு புலனாயிற்று. கூட்டுப்புழுப் பருவத்தில், மயிர் முளைக்குமுன்னரே, பிரிசில்டு புரதம் ஒவ்வொரு கலத்திலும் நுனிப்பக்க ஓரத்திற் சென்று சேர்கின்றது. ‘வான் கோ’ என்னும் மற்றொரு புரதம் அடிப்பக்க ஓரத்திற் சேர்கின்றது. விகாரத்தால் மயிர்கள் சுழிப்பது ஒல்லாந்த ஓவியர் வான் கோவின் சுழல்வரிகளை ஒத்திருந்தமையால் இப்பெயர் வந்தது. கியோத்தோ நகரின் ஆய்வாளர் 1999 இல் விவரித்த ‘பிளமிங்கோ’ என்னும் புரதம் இரு ஓரங்களிலும் நின்று, அடுத்தடுத்த கலங்களைப் பாலம்போல் இணைக்கின்றது. ஒரு கலத்தின் பிரிசில்டு, அடுத்த கலத்தின் வான் கோவைத் தனக்கு எதிரே ஈர்த்து நிறுத்துகின்றது. இவ்வாறு ஒவ்வொரு கலமும் தன் அயலதனோடு ஒத்துப்போதலால் திசை சிறகு முழுவதும் பரவுகின்றது. பிரிசில்டு சேர்ந்துள்ள ஓரத்திலேயே மயிர் முளைக்கின்றது. முன்னர்க் கூறிய திட்டினைச் சூழ்ந்த குறையற்ற கலங்கள் திசைமாறியதன் காரணமும் இதுவே.

ஆனால் இவ்வுடன்பாடு எப்பக்கமாகத் திரும்பவேண்டும் என்பதைத் தொடக்கத்திற் கூறுவது எது? 2013 இல் வெளிவந்த ஆய்வொன்று, சிறகிலியும் அதன் குலத்தைச் சேர்ந்த மற்றொரு புரதமுமே அதனைக் கூறுகின்றன என்றது. 2020 இல் வெளிவந்த இரு ஆய்வுகள் அதனை மறுத்தன. சிறகிலும் அதன் அயலிலும் இக்குலப் புரதங்கள் சுரப்பதை நீக்கியபோதும் மயிர்கள் நுனியையே நோக்கின என்பது அவ்வாய்வுகளின் முடிவு. ‘பற்’, ‘டக்சஸ்’ முதலிய வேறு புரதங்களின் படித்திறனும், சிறகு வளரும்போது இழையம் இழுபட்டு நீளுதலும் திசைக்குக் காரணமாகலாம் என்பர். ஆதலின் 1959 இல் லொக் எழுப்பிய வினா முற்றாகத் தீர்ந்துவிட்டது எனல் ஆகாது. கலங்கள் ஒன்றோடொன்று பேசும் மொழி விளங்கிற்று. அவற்றின் முதற்சொல்லைச் சொல்வது யார் என்பதே ஆராய்ச்சிக்குரியது.

ஈயின் மயிரைப் பற்றிய இவ்வாராய்ச்சியால் மனிதருக்கு என்ன பயன் என வினவுவோர் இருத்தல் கூடும். முள்ளந்தண்டுளிகளின் முளையத்தில், முதுகுப்புறத்துத் தகடு உருண்டு குழாயாகி மூளையும் முண்ணாணும் ஆகின்றது. அதன் கலங்கள் தத்தம் திசையை அறிந்து நகர்ந்தாலன்றிக் குழாய் மூடாது. வான் கோவையொத்த பரம்பரையலகு பழுதுற்ற எலியில் இக்குழாய் மூடாமற் போகின்றது என்பதை 2001 இல் கண்டனர். 2007 இல், இவ்வினத்துப் பரம்பரையலகொன்றின் விகாரங்கள் நரம்புக்குழாய்க் குறைபாடுடைய மனிதர் சிலரிடமும் காணப்பட்டன. ஒலியைக் கேட்க உதவும் உட்காதின் மயிர்க்கலங்களும் ஒரே திசையை நோக்கி நிற்பவை. எலியிலே அவ்வொழுங்கைக் காப்பவையும் இப்பரம்பரையலகுகளே. விண்ற் செய்தி ஓயாது தொழிற்படுதல், பெருங்குடற் புற்றுநோய்களுட் பெரும்பாலானவற்றின் தொடக்கத்திற் காணப்படுகின்றது. சிறகில்லாத ஈயை நோக்கிய கண்கள், தாம் அறியாமலே, நோயுற்ற மனிதனையும் நோக்கின எனலாம்.

இவ்வரலாற்றை எழுதுங்கால் இரு பிழைகளை நீக்குதல் வேண்டும். சர்மாவும் சோப்ராவும் இவையனைத்தையும் முன்கூட்டியே அறிந்திருந்தனர் என நாட்டுப்பற்றால் மிகைப்படுத்துதல் ஒரு பிழை. அவர்கள் புற்றுநோயைக் கண்டாரல்லர், வாங்கியைக் கண்டாரல்லர். முடிவைக் கண்டோரின் பெயரை மாத்திரம் எழுதி, முதலிற் கண்டோரை மறத்தல் மற்றப் பிழை. பரிசுகளும் பாராட்டுகளும் பெரும்பாலும் வழியின் இறுதியில் நிற்போருக்கே உரியனவாகின்றன. ஆயினும் விண்ற் என்னும் சொல்லின் முதலெழுத்து, ஒரு விவசாய நிலையத்திற் சிறகின்றிப் பிறந்த ஈக்களைக் கழித்துவிடாது, அவற்றைப் பெருக்கி, பெயரிட்டு, உலகறிய எழுதிவைத்த ஒருவரிடமிருந்து வந்ததாகும்.

சிறந்த கருவிகளும் பெரும் பொருளும் இருந்தாலன்றி விஞ்ஞானம் வளராது என்னும் எண்ணம் நம் பாடசாலைகளில் ஆசிரியரிடத்தும் மாணவரிடத்தும் வேரூன்றியுள்ளது. அவை வேண்டாதன என்பதன்று. ஆனால் மோர்கனின் வெண்கண் ஈயையும் தில்லியின் சிறகிலியையும் முதலிற் பிடித்தவை விலையுயர்ந்த கருவிகளல்ல. வழமைக்கு மாறானதைக் கண்டபோது அதனைப் பிழையென ஒதுக்காது, ஏன் என்று கேட்ட மனமும், கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்த கையுமே. அம்மனத்தையும் அக்கையையும் வளர்த்தற்கு எந்த வகுப்பறையும் மிக எளியதன்று.